ஸ்கேலால் இரண்டு தட்டு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அடுத்தவர் எழுதியதைப் படித்துத்தான் பழக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆகையால் வாக்கியம் கோணலாக இருக்கும், சொன்னதையே திருப்பிச் சொல்லியிருப்பேன், நடுவில் சில சங்கதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்று முதலாளியின் மகள் வீட்டுக்கே வந்து சொன்னாள். எனக்கு எழுத என்ன இருக்கிறது என்றேன். அவள் விடவில்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. போன மாதம் ஒருவர் ஆய்வேடு அச்சடிக்கக் கொண்டுவந்தாராம். திட்டுச் சொல் வருகிற இடமெல்லாம் முதல் எழுத்தைப் போட்டு, மிச்சத்துக்கு நட்சத்திரம் வைத்திருந்தாராம். கம்ப்யூட்டரில் உட்காரும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகி வாதாடியிருக்கிறார்கள். படித்தவர்கள் எழுதும் ஆராய்ச்சியில் அசிங்கமான சொல் வரலாமா கூடாதா என்று. "நீங்க இருந்தப்போ அந்த மாதிரி ஒண்ணு வந்துச்சாமே, அப்பா சொல்லிகினே இருப்பாரு. அத எழுதுங்கக்கா" என்றாள். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் தறியில் உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கை எந்நேரமும் வியர்க்கும். வெளிர் நிறப் பட்டில் என் கை பட்டால் கறை விழும். முகூர்த்தப் புடவையில் கறை விழுந்தால் யார் வாங்குவார்கள்? அப்பா என்னைத் தறிப் பக்கமே விடவில்லை. கல்யாணம் ஆனது, ஒரு பையன் பிறந்தான், வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு அச்சகத்தில் எழுத்துப் பிரித்துப் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சடித்து முடிந்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் அறையில் போடவேண்டும். ஈயத்தை வியர்வை ஒன்றும் செய்யாது. தொண்ணூறுகளில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார், ஈயத்தை எடைக்குப் போட்டார். என்னையும் நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தவில்லை. எப்படிப்பட்ட கிறுக்கல் கையெழுத்தையும் நான் படித்துவிடுவேன் என்பதால் சாருக்குக் காப்பி, அதாவது கையெழுத்துப் பிரதி, படிக்க வைத்தார்.

சார் என்றால் புரூப் பார்க்கும் அப்பாண்டை சார். வந்தவாசிப் பக்கத்து ஜைனர். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பஸ்ஸில் வருவார். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர வேண்டும். எங்கள் வேலை நேரமே அவருடைய பஸ்ஸை ஒட்டித்தான். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வாயால் ஒருவரை நோகடிப்பதும் கையால் அடிப்பதும் அவர்களுக்கு ஒன்றுதானாம். தப்பு என்கிற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டார். நான் பிசகாகப் படித்தால் சிவப்புப் பென்சிலைத் தூக்கிப் பிடித்து, "இன்னொரு தரம்" என்பார். சரியாகப் படிக்கிற வரைக்கும் பென்சில் கீழே இறங்காது.

இப்போது வருகிற பிள்ளைகளுக்கு அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரியாது. எழுதியவரின் கையெழுத்துப் பிரதி என் கையில் இருக்கும். கம்ப்யூட்டரில் அடித்து எடுத்த தாள் சார் கையில் இருக்கும். நான் சத்தமாகப் படிக்க வேண்டும், அவர் தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார். சொல்லை மட்டும் படித்தால் போதாது. கால்புள்ளி, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி, மேற்கோள் ஆரம்பம், மேற்கோள் முடிவு, அடைப்புக்குறி என்று எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எங்களைப் பார்த்து ஏதோ மந்திரம் ஓதுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அர்த்தத்தில் மனதை விடக்கூடாது. அர்த்தத்தில் மனம் போனால் தாளில் இல்லாத எழுத்துகூட இருக்கிற மாதிரி தெரியும்.

மேற்கோள் வந்தால் மட்டும் சார் நிறுத்துவார். "இந்த வரியில பேசறது யாரு?" என்று கேட்பார். எழுதியவரா, அவர் பார்த்த வேறு ஆளா? அதற்கு நான் பதில் சொன்ன பிறகுதான் மேற்கோள் குறியின் மேல் ஒரு சின்ன டிக் போடுவார். கல்யாணப் பத்திரிகையில் மேற்கோள் வராது. ஆய்வேடு வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே பாதி நாள் போகும்.

நான் கூச்சக்காரி. முதலாளியிடம் லீவு கேட்கக்கூட அவர் மனைவியிடம் சொல்லித்தான் கேட்பேன். படிக்கும்போது மட்டும் குரல் கணீரென்று வரும். அது என் பேச்சு இல்லையே. அடுத்தவர் பேச்சுக்கு வாய் கொடுப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

ஒரு தரம் தேர்தல் சமயத்தில் யாரோ ஒரு கட்சிக்காரர் எதிர்த்தரப்பைத் திட்டி நோட்டீஸ் கொண்டுவந்தார். மூன்று வரி படித்தேன், நாலாவது வரியில் வாய் அடைத்துக்கொண்டது. சார் தாளைப் பார்த்துவிட்டு, "சொல்ல வேணாம்மா. ஸ்கேலால மேஜைய ரெண்டு தட்டு தட்டுங்க. நான் கண்ணால பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். வாயில் வராத சொல் வந்தால் இரும்பு ஸ்கேலால் இரண்டு தட்டு. அவர் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கண்ணாலேயே பார்த்துவிட்டு "ம்" என்பார். நான் அடுத்த சொல்லுக்குப் போவேன்.

பைண்டிங்கில் இருந்தவரைக் கண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைவிட இளையவர், கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தார்கள். களம்பூரிலிருந்து வருவார். அவர் வாய் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. அவர் மேஜை எங்கள் மேஜைக்கு அடுத்தது, அதனால் நான் படிப்பதெல்லாம் அவர் காதில் விழும். அவருடைய அம்மா அங்கே ஒரு அரிசி மில்லில் நெல் காயப் போடும் வேலை. அந்த அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தால் மறுநாள் எங்களிடம் சொல்லி அலுத்துக்கொள்வார். "தண்ணி குடி தண்ணி குடின்னு டாக்டரு தொண்ட கிழியக் கத்தறாரு. எங்கம்மா பகல்ல ஒரு வாய் தொடாது. அதுக்குத் தண்ணின்னாலே பேஜாரு" என்பார். அந்த அம்மாவை நாங்கள் பார்த்ததில்லை. பெயர் மட்டும் தெரியும். அவர்களுடைய ரேஷன் கார்டு விண்ணப்பத்தைச் சார்தான் எழுதிக் கொடுத்தார், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சரிபார்த்தேன். அந்தக் காலத்துப் பெயர், அந்த ஊரில் இன்னொருவருக்கு இருக்காது.

குமுதா வந்தது அந்தச் சமயத்தில்தான். அதுவும் அவள் பெயர் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். தேசூர்ப் பக்கத்துப் பெண். எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். களம்பூரில் பெரியம்மா வீட்டில் தங்கி, மில்லில் வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி எழுதியிருந்தாள். மேஸ்திரிகள் அந்தப் பெண்களை என்னென்ன சொல்லித் திட்டுகிறார்கள், அதைக் கேட்ட பெண்கள் என்ன ஆகிறார்கள், இதுதான் ஆய்வு. கல்லூரியில் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டிருந்தது. அவளுடைய நெறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு உள்ளே போகும். போகாவிட்டால் அந்த வருஷம் வீண். வீட்டில் இன்னொரு வருஷம் பொறுக்க மாட்டார்கள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை அவள் என்னிடம் ஒரு மதியம் சோறு சாப்பிடும்போது சொன்னாள். அழவெல்லாம் இல்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

முதல் இரண்டு அத்தியாயம் ஊர், மில், நெல் அவிப்பது, களத்தில் காய வைப்பது என்று சாதாரணமாகப் போனது. மூன்றாவதில் தட்டு ஆரம்பித்தது. ஒரு பக்கத்தில் நாலு, அடுத்த பக்கத்தில் அதற்கு மேல். நான் தட்டத் தட்டச் சார் "ம், ம்" என்று போய்க்கொண்டிருந்தார். கண்ணன் தாள் மடிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னாக்கா, தந்தி ஆபீசு தொறந்துட்டியா? எங்க ஊருக்கும் ஒண்ணு அடியேன்" என்றார். மெஷின் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தலை நிமிரும். இது என்ன சொல்லாக இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். தாளில் இருந்ததைவிட மோசமான சொல்லெல்லாம் அந்த அறையில் வந்தது.

குமுதா அன்றைக்கு அங்கேதான் இருந்தாள். முகம் சுண்டிவிட்டது. வெளியே வந்து என்னிடம், "அக்கா, நீங்க தட்டறதாலதான் அவங்களுக்கு சிரிப்பு வருது. படிச்சிட்டா வராது" என்றாள். "என்னால முடியாதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய நெறியாளர் வந்தார். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்க மனைவியோடு எங்கள் ஆரணிக்கு வந்தவர், அப்படியே ஆய்வேடு எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க அச்சகத்துக்கு வந்தார். மனைவி புடவைக் கடையிலேயே இருந்தார். இவரை நல்லவர் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதலாளி நாற்காலி போட்டும் உட்காராமல், எங்கள் வேலை நடக்கட்டும் என்று நின்றுகொண்டே கேட்டார். நாங்கள் மூன்றாம் அத்தியாயத்தின் திருத்தத்தை இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொல்லுக்கு நான் இரண்டு தட்டுத் தட்டினேன். எதற்கு என்று கேட்டார். சார் வழக்கத்தைச் சொன்னார். அவர் குமுதாவைப் பார்த்து, "நான் சொன்னத நீ கேக்கல. புள்ளி வெச்சிடுன்னு சொன்னேனே" என்றார்.

"புள்ளி வெச்சா, ஏதோ சின்னதா திட்டிட்டாங்கன்னு படிக்கறவங்க நெனச்சிக்குவாங்க சார். இல்லன்னா இதவிடப் பெருசா அவங்களே ஒண்ண நெனச்சிக்குவாங்க. ரெண்டுமே பொய்யி சார்" என்றாள் குமுதா.

"நான் ஒனக்கு எதிரி இல்லம்மா." அவருக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் இருந்தது. அவரிடம் படித்த ஒரு பையன் இதே மாதிரிச் சொற்களை வைத்து எழுதியதை வெளியூர்த் தேர்வாளர் திருப்பி அனுப்பிவிட்டாராம். அந்தப் பையன் அதோடு படிப்பை விட்டுவிட்டானாம். அதைச் சொல்லிவிட்டு, "நாளைக்கு வாய்மொழித் தேர்வுல பத்துப் பேர் முன்னால இந்தப் பக்கத்த வாசின்னு சொன்னா வாசிப்பியா? சபையில வாசிக்க முடியாதத ஆய்வேட்டுல எழுதக் கூடாது. அவ்வளவுதான் என் கட்சி" என்றார்.

"வாசிப்பேன் சார்."

"ஒனக்கு வயசு அப்படி. இந்தம்மாவப் பாரு. தெனமும் படிக்கறதுதான் இவங்க வேலை. இவங்களாலயே முடியாமதான தட்டறாங்க? இவங்க வாய்விட்டுப் படிச்சா நீ வெச்சிக்கோ. நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. என்னால் முடியாது என்பது அவருக்கு நிச்சயம். எனக்கும் நிச்சயம்தான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உள்ளங்கையில் வியர்த்து, கையெழுத்துப் பிரதியின் ஓரம் நனைந்துவிட்டது. சாரைப் பார்த்தேன். இந்த வேலை வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னொரு தரம்" என்றார்.

பக்கத்தின் தலையிலிருந்து ஆரம்பித்தேன். முதல் சொல் வந்தபோது கை ஸ்கேலுக்குப் போனது. சார் அதே குரலில், "பேசறது யாரு?" என்றார். "மேஸ்திரிங்க சார்" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாய் வந்துவிட்டது. அது என் சொல் இல்லை, குமுதாவின் சொல்லும் இல்லை, மேஸ்திரியின் சொல். அவன் வாயை நான் எதற்கு மூடிக் காப்பாற்ற வேண்டும்? கால்புள்ளியைப் படிக்கிற மாதிரியே அதையும் படித்தேன். இரண்டு பக்கம் அப்படிப் போனது. யாரும் சிரிக்கவில்லை. குமுதா சொன்னது சரிதான்.

அப்புறம் ஒரு பத்தி வந்தது. அதை அன்று படித்தபடியே இங்கே எழுதுகிறேன். நட்சத்திரம் போடவில்லை. மலரில் இது கூடாது என்று நினைத்தால் முழுப் பத்தியையும் எடுத்துவிடுங்கள், நடுவில் புள்ளி வைக்க வேண்டாம்.

மேற்கோள் ஆரம்பம். ஒரு நாள் மேஸ்திரியிடம் ஒதுங்கப் போக வேண்டும் என்று கேட்டேன், முற்றுப்புள்ளி. ஏண்டி தேவடியா, கால்புள்ளி, நெல்லு காயறதுக்குள்ள ஒனக்கு முட்டிகிச்சா, கேள்விக்குறி, என்று எல்லார் முன்னாலும் கேட்டார், முற்றுப்புள்ளி. லாரிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள், முற்றுப்புள்ளி. அன்றிலிருந்து வேலைக்குப் போகும் நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை, முற்றுப்புள்ளி. பிள்ளைக்குத் தெரியாது, முற்றுப்புள்ளி. மேற்கோள் முடிவு. அடைப்புக்குறி.

அடைப்புக்குறிக்குள் சொன்னவருடைய பெயரும் வயதும் ஊரும் போடுவது குமுதாவின் முறை. அந்த அத்தியாயம் முழுக்க அப்படித்தான் இருந்தது. முதல் முறை பார்த்தபோது இந்தப் பத்தி இல்லை, திருத்தத்தில் புதிதாகச் சேர்த்திருந்தாள். என் கண் பெயரின் மேல் போனது. வாய் நின்றது.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த மேஜையில் இருந்த கண்ணனைத்தான் பார்த்திருப்பேன். ஸ்கேலை எடுத்தேன். இரண்டு தட்டுத் தட்டினேன்.

நெறியாளர் குமுதாவைப் பார்த்து, "பாத்தியாம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

கண்ணன் மட்டும், "அதான் எல்லாத்தையும் படிச்சிட்டியேக்கா. அதுக்கும் மேல அப்பிடி இன்னாதான் எழுதிகீது?" என்றார்.

சார் தாளைப் பார்த்தார். எப்போதும் "ம்" என்று சொல்கிறவர் அன்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, "கண்ணா, எல்லாருக்கும் டீ வாங்கியாந்துடுங்களேன்" என்றார். சார் கடையில் டீ குடித்து நாங்கள் பார்த்ததில்லை. கண்ணன், "சாரே டீ கேக்கறாரு, இன்னிக்கு மழ கொட்டப் போவுது" என்று சொல்லிக்கொண்டே தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருவில் இறங்கிய பிறகு சார் அந்தத் தாளை நெறியாளரிடம் நீட்டினார். திட்டுச் சொல்லின் மேல் ஒரு குறியும் இல்லை. பெயரைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். "அவங்க தட்டுனது இதுக்கு. இப்ப டீ வாங்கப் போனவரோட தாயார்" என்றார்.

குமுதா பக்கத்தில் இருந்த தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கழித்து, "அவங்க போட்டுக்கோன்னுதான் சொன்னாங்க சார்" என்றாள். பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆய்வேடு என்றால் எங்கோ ஒரு காலேஜ் அலமாரியில் இருக்கப் போகிறது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அலமாரிக்குப் போகும் முன் அது எங்கள் வாய் வழியாகப் போகும், கண்ணன் கை வழியாகப் போகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? குமுதாவுக்கும் தெரியாது.

சார் பெயரை எல்லாம் எடுத்துவிடலாம் என்றார். குமுதா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க பேரு எதுலயும் வந்ததில்ல சார். ரேஷன் கார்டுலகூட தப்பா இருக்கும். ஒரு எடத்துலயாவது சரியா வரட்டும்னுதான் போட்டேன். பேரே இல்லன்னா இது நெசமாவே ஒருத்தங்க சொன்னதுன்னு யாரு நம்புவாங்க?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வழி சொன்னவர் நெறியாளர்தான். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் குடு. 'ஒரு தொழிலாளி'ன்னு போட்டு எண்ண மட்டும் போடு. யாரு எந்த எண்ணுன்னு உன்கிட்ட இருக்கட்டும். தேர்வாளர் கேட்டா நான் அவருகிட்டத் தனியா பேசிக்கறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சொல்லு இருக்கட்டும். இந்தம்மா படிச்சிட்டாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, சங்கடப்படுத்திவிட்டேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை, சரியாகக் காதில் விழவும் இல்லை.

கண்ணன் டீயோடு வந்தார். "இன்னா எல்லாரும் கப்சிப்னு ஒக்காந்துகினு இருக்கீங்க, பரீட்சையா?" என்றார். சார் ஒரு டம்ளர் வாங்கி முழுவதும் குடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அச்சகத்தில் பழைய புரூப் தாளை எறிய மாட்டோம். பசை தடவும்போது அடியில் போட்டுக்கொள்ள எல்லாம் பைண்டிங் மேஜைக்குத்தான் போகும். அந்தத் தாளைச் சார் நாலாக மடித்துத் தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு அன்று பஸ் ஏறினார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

நாலாம் அத்தியாயத்தில் வேறு மாதிரி ஒரு தகராறு வந்தது. அதில் குமுதா தன் கருத்தை எழுதும்போது அதே சொற்களைத் தானே போட்டுப் போட்டு எழுதியிருந்தாள். சார் ஒவ்வொரு இடத்திலும் "பேசறது யாரு?" என்று கேட்டார். நான் "எழுதினவங்க சார்" என்றேன். நாலைந்து தரம் அப்படிச் சொல்லும்போதே குமுதா எழுந்து வந்து அந்தச் சொற்களைப் பேனாவால் அடித்தாள். "இது என் வாயில எதுக்கு" என்றாள். அங்கெல்லாம் 'மூன்றாம் அத்தியாயத்தில் வரும் சொல்' என்று மாற்றிக்கொண்டாள். யாரும் அவளை மாற்றச் சொல்லவில்லை. ஆக, வரலாமா கூடாதா என்று சண்டை போட்ட பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யார் வாயில் வந்தது என்று முதலில் பாருங்கள். புள்ளி வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் சொல்லுக்குக் கீழே நசுங்கினவர் யார் என்று பார்த்து அவர் பெயருக்கு வையுங்கள். திட்டினவனுக்கு எதற்குப் புள்ளி?

ஆய்வேடு நாளுக்குள் போய்விட்டது. தேர்வில் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்கச் சொன்னார்களாம், வாசித்தாளாம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். பட்டம் வாங்கி, பிறகு பள்ளிக்கூட வேலைக்குப் போனாள். மாப்பிள்ளையும் கிடைத்தார்.

அதற்கு முன், பிரதிகளைக் கட்டிய அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கண்ணன் தைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார். மூன்றாம் அத்தியாயம் அவர் மடியில் திறந்து கிடந்தது.

"அக்கா, இந்த 'ஒரு தொழிலாளி' யாரு, தெரியுமா?"

"எனக்கெப்படிப்பா தெரியும். களம்பூர்ல எவ்வளவு மில்லு இருக்குது."

"எங்கம்மாகூட பகல்ல தண்ணி குடிக்காது."

"அங்க நெறைய பொம்பளைங்க அப்பிடித்தான் இருக்கும்."

அவர் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கம்மாவ எவனும் அப்பிடி சொல்லி இருக்க மாட்டான்" என்றார்.

"சொல்லி இருக்க மாட்டாங்க" என்றேன்.

ஊசியில் நூல் கோத்து மறுபடி தைக்க ஆரம்பித்தார். அன்று முழுக்க யாரையும் சிரிக்க வைக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்து முதலாளியிடம், அம்மாவை இனிமேல் மில்லுக்கு அனுப்பவில்லை, இங்கே பத்திரிகை மடிக்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. முகூர்த்த மாதம், மடிக்க ஆள் தேவையாகத்தான் இருந்தது.

அந்த அம்மா வந்தார்கள். ஒல்லியான உடம்பு, அதிகம் பேச மாட்டார்கள். முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் என்னிடம் மெதுவாக, "பின்னால கக்கூசு இருக்குதா?" என்று கேட்டார்கள். இருக்கிறது, பூட்டுவதில்லை, யாரையும் கேட்க வேண்டாம் என்றேன். மதியம் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார்கள். கொஞ்சம் இருந்து இன்னொரு சொம்பு. கண்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டு பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். சார் பென்சிலால் என்னைத் தாளைப் பார்க்கச் சொன்னார். எந்த வரியில் விட்டோம் என்று எனக்கு மறந்துவிட்டது.

இப்போது சாரும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை, கண்ணனும் இல்லை. அந்த வீட்டுப் பேத்திகள் இருக்கிறார்கள். நான் எழுதியதில் வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். நோட்டீஸ் வந்தது எந்தத் தேர்தலில் என்பதில் எனக்கே சந்தேகம். எம்.ஃபில்லுக்கு அந்தக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு எப்படி நடந்தது என்பதையும், எழுத்துப் பிழை, புள்ளி விட்டுப்போன இடங்களையும் தெரிந்தவர் யாராவது படித்துச் சரிபார்க்க வேண்டும். முடிந்தால் ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் பார்க்கட்டும். ஆட்களின் பெயர், மில் இருந்த ஊர், இன்னாருக்கு அச்சகத்தில் இன்ன வேலை என்று எழுதியிருப்பது, இவை மூன்றும் சரியாக இருக்காது. அவற்றை மட்டும் திருத்த வேண்டாம்.